பையன் நெடுநெடுவென்று வளர்கிறானா? முதலில் டேப்பை எடுங்கள்!

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரம். போன ஓணத்துக்குப் பார்த்த பையனை இப்போதுதான் மறுபடி பார்க்கிறார் சித்தப்பா ஒருத்தர். வாயைப் பிளக்கிறார். "என்னடே மக்கா! அப்போ என் தோளுக்கு நின்னே. இப்போ நிலைப்படியில தலை இடிக்கு. மைனி, பேசாம இவனை பாஸ்கெட்பாலுக்கு விட்டிருங்கோ. ரயில்வேயில வேலை உறுதி!"

சித்தப்பா பாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். ஆனால் நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பையனுக்கு வயசு பதினைந்து. உயரம் ஆறடி ஒரு அங்குலம். பத்தாம் வகுப்பு பப்ளிக் வேறு நெருங்குகிறது. பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டரும் போன வாரம் இதையேதான் சொன்னார். விளையாட்டு ஹாஸ்டலா, டியூஷனா? வீட்டில் அவர் ஒன்று சொல்கிறார், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள்.

இந்தக் குழப்பத்துக்குத் தையல் மெஷின் டிராயரில் கிடக்கும் டேப் ரொம்ப உதவும். எதை அளப்பது, அளந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று மட்டும் தெரிந்தால் போதும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. பயிற்சியாளர் பார்த்துச் சந்தோஷப்படுகிற அதே அளவு, சில பையன்களின் விஷயத்தில், டாக்டரை "எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துடலாமே" என்று சொல்ல வைக்கும். அதைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம். கட்டாயம் படியுங்கள்.

பந்துக்குத் தலை தெரியாது!

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில், அதாவது 3.05 மீட்டரில் இருக்கும். நாகர்கோவிலில் கட்டினாலும் நியூயார்க்கில் கட்டினாலும் அதே உயரம்தான். (நம்ம சுசீந்திரம் ஆஞ்சநேயர் 18 அடி. அவர் ஆட வந்தால் குனிந்துதான் பந்தைப் போடவேண்டும்!) அந்த வளையத்துக்குக் கீழே நின்று எதிரியின் பந்தைத் தட்டிவிடுவது, போர்டில் பட்டுத் திரும்பும் பந்தைப் பறிப்பது, முதுகால் ஆளை முட்டி நிறுத்துவது எல்லாம் 'சென்டர்' என்கிற நெட்டை ஆட்டக்காரரின் வேலை. உங்கள் பையனைப் பார்த்ததும் எல்லாரும் மனசில் நினைப்பது இந்த இடத்தைத்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த வேலையெல்லாம் கையால் நடக்கிறது. தலையும் கழுத்தும் எவ்வளவு நீளம் என்பது பந்துக்குத் தெரியவே தெரியாது. ஒரே வகுப்பில் இரண்டு பையன்கள், ரெண்டு பேரும் 185 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒருத்தனுக்கு நீண்ட கழுத்து, சரிந்த தோள், சாதாரணக் கை. நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினால் 238 சென்டிமீட்டர் எட்டுகிறான். இன்னொருத்தனுக்குக் குட்டைக் கழுத்து, அகலத் தோள், நீளக் கை. அவன் 248 எட்டுகிறான். உயரம் குறிக்கிற நோட்டில் இருவரும் சமம். வளையத்தடியில் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம்! குதித்துக் குதித்து அந்தப் பத்து சென்டிமீட்டரைச் சம்பாதிக்க எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும் என்று எந்தக் கோச்சிடமும் கேட்டுப் பாருங்கள்.

அதனால் பயிற்சியாளர்கள் மூன்று அளவு பார்ப்பார்கள். ஒன்று, செருப்பில்லாத உயரம். இரண்டு, சுவரில் முதுகை ஒட்டி இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை உள்ள நீளம். இதைக் கைவிரிப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்று, குதிகாலைத் தூக்காமல் நின்று ஒரு கையை மேலே நீட்டினால் எட்டும் உயரம். நம்மில் பெரும்பாலோருக்குக் கைவிரிப்பும் உயரமும் கிட்டத்தட்டச் சமம். ஆண்களுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கலாம். அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைப் போட்டியில் ஆடுகிறவர்களுக்குச் சராசரியாகவே கைவிரிப்பு உயரத்தைவிட ஆறு சதவீதம் அதிகம். ஆறடி ஆறு அங்குலமே உள்ள டிரேமண்ட் கிரீன், ஏழடி ஆட்களுக்கு எதிராக சென்டர் இடத்தில் நின்று 2015-ல் கோல்டன் ஸ்டேட் அணியோடு சாம்பியன் ஆனார். 2017-ல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார். அவருடைய கைவிரிப்பு ஏழடி ஒரு அங்குலம்.

உயரத்தைப் பற்றி இன்னொன்று. விளையாட்டு உலகில் சொல்லப்படும் உயரம், கல்யாணத் தரகர் சொல்கிற உயரம் மாதிரி. எப்போதும் ஒன்றிரண்டு அங்குலம் கூடவே இருக்கும். ஷூவோடு அளந்த கணக்கு ரொம்பக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. 2019-ல்தான் என்.பி.ஏ. நிர்வாகமே "ஷூவைக் கழற்றி அளந்து சரியான உயரத்தைக் கொடுங்கள்" என்று அணிகளுக்கு உத்தரவு போட்டது. நீங்களும் காலையில் எழுந்ததும், வெறும் காலில், தலைமேல் ஒரு கெட்டிப் புஸ்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து அளவுங்கள். சாயங்காலம் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்து காட்டும். முதுகெலும்பு வட்டுகள் பகலெல்லாம் அமுங்குவதால் வருகிற வித்தியாசம் இது. பயப்பட வேண்டாம்.

இந்த ஊர் சென்டர், அந்த ஊருக்குப் போனால்?

நெட்டை என்பது இடத்துக்கு இடம் மாறும். நம் மாவட்டப் பள்ளிப் போட்டியில் ஆறடி ஒரு அங்குலப் பையனைக் கண்ணை மூடிக்கொண்டு சென்டராக நிறுத்துவார்கள். மாநில அளவுக்குப் போனால் அவனைவிட ஒரு சாண் உயரமான பையன்கள் நிற்பார்கள். இந்திய அணியில் அந்த இடம் ஆறடி எட்டு, ஆறடி பத்து அங்குலக்காரர்களுக்கானது.

இதற்கு நல்ல உதாரணம் பக்கத்துக் கேரளத்துக் கோட்டயத்துப் பெண் கீது அன்னா ஜோஸ். ஆறடி இரண்டு அங்குலம். சென்னையில் தெற்கு ரயில்வே அணிக்காக ஆடியவர். இந்தியாவில் அவரைத் தாண்டிப் பந்தெடுக்க ஆளில்லை என்கிற அளவுக்கு வளையத்தடியில் ராஜ்யம் நடத்தியவர். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று அணிகள் அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்தன. இந்தியப் பெண் ஒருத்திக்குக் கிடைத்த பெரிய கௌரவம் அது. ஆனால் அங்கே ஆறடி இரண்டு என்பது சென்டருக்குக் குறைவு. பக்கவாட்டில் ஓடி, தூரத்திலிருந்து பந்தெறிகிற ஆட்டக்காரிகளின் உயரம் அது. முகாமைத் தாண்டி அணியில் இடம் கிடைக்கவில்லை. 2014-ல் அர்ஜுனா விருது பெற்ற அவருக்கே இந்தக் கதி என்றால், உயரத்தை மட்டும் நம்பி ஒரே இடத்தில் நிற்கப் பழகிய பிள்ளைகளின் நிலைமை என்ன?

(பெண் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு வார்த்தை. பெண்களின் வளர்ச்சி வேகம் பன்னிரண்டு வயசையொட்டி உச்சத்துக்கு வந்துவிடும். வயசுக்கு வந்த பிறகு பெரும்பாலும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வளர்வார்கள். பையன்களுக்குச் சொல்லும் கணக்கை அவர்களுக்குப் போடக்கூடாது.)

இப்போது நெட்டை, அப்புறமும் நெட்டையா?

பெற்றோரும் பி.டி. மாஸ்டரும் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பையன்கள் சராசரியாகப் பதிமூன்று, பதினாலு வயசில் மளமளவென்று வளர்வார்கள். உச்ச வேகத்தில் வருஷத்துக்கு ஒன்பது, பத்து சென்டிமீட்டர்கூட ஏறும். முதல் தந்தி செருப்புக் கடையிலிருந்து வரும். பாதம் முதலில் வளரும், பிறகு கால் நீளும், உடம்பு கடைசியில்தான் நீளும். 'போன மாசம்தானே செருப்பு வாங்கினோம்' என்று நீங்கள் அலுத்துக்கொள்ளும்போது வளர்ச்சி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பதினாறு வயசுக்கு மேல் வேகம் ரொம்பவே குறைந்துவிடும். பதினெட்டு வாக்கில் நின்றுவிடும்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இந்தப் பஸ் வருவதில்லை. சிலருக்குப் பதினொன்று, பன்னிரண்டிலேயே வந்துவிடும். எட்டாம் வகுப்பில் மீசை அரும்பி, வகுப்பிலேயே உயரமாக நிற்கிற பையன் இவன்தான். மாவட்டத் தேர்வுக்குப் போனால் சுலபமாக எடுத்துவிடுவார்கள். எடுத்து என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? "நீ நெட்டை, வளையத்தடியில் நில், பந்து வந்தால் பிடி, கிட்டக் குட்டையனுக்குக் கொடு." பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவோ, தூரத்திலிருந்து எறியவோ விடமாட்டார்கள். நாலு வருஷம் கழித்துப் பாருங்கள். மற்றப் பையன்கள் எல்லாம் அவனைத் தாண்டி வளர்ந்திருப்பார்கள். இவன் ஐந்தடி பத்து அங்குலத்தில் நின்றுபோயிருப்பான். சென்டருக்கு உயரம் போதாது, மற்ற இடத்துக்குக் கைவேலை தெரியாது. பத்தாம் வகுப்பு மார்க்கும் சுமார். அந்தப் பையன் உள்ளுக்குள் எவ்வளவு உடைந்துபோவான் என்று யோசித்துப் பாருங்கள். அவன் தப்பு அதில் ஒன்றுமே இல்லை.

இதற்கு நேர் எதிர்க் கதை ஆந்தனி டேவிஸ். சிகாகோ பையன். பள்ளியில் குட்டையனாக இருந்ததால் பந்தைத் தட்டிச் செல்லும் 'கார்டு' இடத்தில் ஆடப் பழகினார். பிறகு ஒன்றரை வருஷத்தில் சுமார் எட்டு அங்குலம் வளர்ந்து ஆறடி பத்து ஆகிவிட்டார். கைவேலை அப்படியே இருந்தது, உயரம் மேலே வந்து சேர்ந்துகொண்டது! 2012-ல் அமெரிக்கத் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். டேவிட் ராபின்சன் என்று ஒருவர், கடற்படைக் கல்லூரியில் படிக்கும்போதே வளர்ந்து வளர்ந்து ஏழடி ஒன்று ஆகி, கப்பலில் வேலை செய்ய முடியாத உயரத்துக்குப் போய்விட்டார். இப்படி தாமதமாக வளர்கிறவர்களும் உண்டு.

சரி, என் பையன் எந்த ரகம்? வீட்டிலேயே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, பையனுக்கென்றால் 13 சேர்த்து, இரண்டால் வகுங்கள். அப்பா 178, அம்மா 163 என்றால் விடை 177. அதிலிருந்து எட்டு சென்டிமீட்டர் வரை மேலேயோ கீழேயோ போவது சகஜம். இன்னொரு பழைய கணக்கு, இரண்டு வயசில் இருந்த உயரத்தை இரட்டிப்பாக்குவது. தடுப்பூசி அட்டையில் அப்போதைய உயரம் குறித்திருந்தால் தேடிப் பாருங்கள்.

இன்னும் திருத்தமாகத் தெரியவேண்டுமா? இடது கை மணிக்கட்டை ஒரு எக்ஸ்ரே எடுத்து 'எலும்பு வயசு' பார்க்கலாம். பள்ளிச் சான்றிதழில் பதினைந்து, எலும்பில் பதினேழு என்று வந்தால் வளர்ச்சி முடியப்போகிறது. எலும்பில் பதிமூன்றரை என்றால் இன்னும் நிறைய இருக்கிறது. குழந்தை டாக்டரோ ஹார்மோன் டாக்டரோ படித்துச் சொல்வார். ஹாஸ்டல் பற்றிப் பெரிய முடிவு எடுக்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை என்பது என் அபிப்பிராயம்.

"பாஸ்கெட்பால் ஆடினால் உயரமாவானாமே டாக்டர்?" என்று கேட்காத அம்மா கிடையாது. ஆகமாட்டான். உயரமானவர்களைப் பொறுக்கி எடுப்பதால் அப்படித் தோன்றுகிறது. கம்பியில் தொங்குவதாலும், டப்பா சத்துமாவாலும், விளம்பரத்தில் வரும் மாத்திரையாலும் எலும்பு நீளாது. ஆரோக்கியமான பையனுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். விளையாட்டில் அது தடை செய்யப்பட்ட மருந்தும்கூட.

ஏழடி இரண்டு அங்குலம் கொடுத்ததும் கொடுக்காததும்

அளவு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் சத்னாம் சிங் பாமரா. பஞ்சாபில் பல்லோ கே என்ற சின்னக் கிராமம். அப்பாவும் ஏழடியைத் தாண்டிய விவசாயி. அவருக்கு ஆடுகிற வாய்ப்பே கிடைத்ததில்லை. பையனை லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சேர்த்தார். 2010-ல், பதினாலு வயசில் ஏறக்குறைய ஏழடி உயரத்தோடு பையன் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் பயிற்சிக்குப் போனான். 2015 ஜூனில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி, தேர்வுப் பட்டியலில் 52-வது ஆளாக அவரை எடுத்தது. இந்தியாவில் பிறந்து அப்படி எடுக்கப்பட்ட முதல் ஆள். ஏழடி இரண்டு அங்குலம், 130 கிலோ. அந்த அளவு இல்லையென்றால் அந்தக் கதவு திறந்திருக்காது.

ஆனால் என்.பி.ஏ.வின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. இரண்டாம் நிலை லீக்கில் ஆடினார். பிறகு இந்திய அணி, ஊக்கமருந்து விதியில் சிக்கி இரண்டு வருஷத் தடை, அப்புறம் அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தம் என்று வாழ்க்கை வேறு பக்கம் போனது. அவர் அங்கே போன அந்தச் சில வருஷங்களில்தான் ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே சின்ன ஆட்களைத் துரத்திப் பிடிக்கிற, தானும் தூரத்திலிருந்து எறிகிற சென்டர்களைத்தான் அணிகள் தேடின. பருத்த உடம்போடு வளையத்தடியில் நிற்கிறவருக்கு மவுசு குறைந்துபோனது.

நம் பக்கத்திலும் இதைப் பார்த்தோம். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசியச் சாம்பியன்ஷிப்பில், ஆண்கள் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு பஞ்சாபைத் தோற்கடித்தது. நெட்டையர்களுக்குப் பேர்போன மாநிலம் பஞ்சாப் என்பதை மறக்காதீர்கள்.

அதே பஞ்சாபின் அம்ரித்பால் சிங் பள்ளிப் பருவம் முடிகிற வயசில்தான் பந்தைத் தொட்டார். 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணிக்குப் போனார். நைஜீரியாவின் ஹக்கீம் ஒலாஜுவான் பதினைந்து வயசுவரை கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடியவர். அந்தக் கால்வேலைதான் பின்னால் அவரை உலகின் பெரிய சென்டராக்கியது. ஆகவே, 'எட்டாம் வகுப்பில் சேர்க்காவிட்டால் போச்சு' என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். நெட்டைப் பையனுக்கு நேரம் இருக்கிறது. அதுவரை ஃபுட்பாலோ வாலிபாலோ நீச்சலோ, கால் பழகுகிற எதையாவது ஆடட்டும்.

ஒடிசலாக இருக்கிறானே!

185 சென்டிமீட்டர், 58 கிலோ. இந்த வயசு நெட்டைப் பையன்கள் பலர் இப்படித்தான் இருப்பார்கள். "கொக்கு" என்று பட்டப்பெயரும் கிடைத்திருக்கும். வளையத்தடியில் முட்டும்போது இவன் பறந்துபோய் விழுவான் என்பது உண்மைதான். ஆனால் உயரம் ஏறுகிறபோது எடை பின்தங்குவதும், வளர்ச்சி வேகம் அடங்கிய பிறகு சதை போடுவதும் இயற்கை. பதினைந்து வயசில் எடையைப் பார்த்து 'இவன் தேறமாட்டான்' என்று சொல்கிற கோச், அவசரக்காரர்.

சாப்பாட்டுக்கு நாம் எங்கேயும் தேடிப்போக வேண்டாம். சாளையும் நெத்திலியும் நம் ஊர்ச் சந்தையில் தினமும் வருகின்றன. முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலியில் புரதமும் கால்சியமும் சேர்ந்தே கிடைக்கின்றன. புட்டும் பயறும், முட்டை இரண்டு மூன்று, பால், ஆட்டத்துக்கு முன் அவித்த ஏத்தன் பழம். மரச்சீனிக் கிழங்கு பசியை அடக்கும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. மீன் குழம்பு சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். சைவ வீடு என்றால் பருப்பு, தயிர், கடலை, சுண்டல் எல்லாவற்றையும் தாராளமாக்குங்கள். கடினமாகப் பயிற்சி எடுக்கும் பையனுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை கிராம் புரதம் போதும். 60 கிலோ பையனுக்கு 90 கிராம். இது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். ஜிம்மில் விற்கிற பவுடர் டப்பாக்களில் லேபிளில் எழுதாத சமாசாரங்கள் கலந்திருப்பதுண்டு. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் "எனக்குத் தெரியாது" என்பது செல்லாது.

எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்பது பழைய நம்பிக்கை. தெரிந்தவர் மேற்பார்வையில், குறைந்த எடையில் முறையாகச் செய்தால் ஒன்றும் ஆகாது. தொடையும் இடுப்பும் முதுகும் பலப்படும்.

கூடவே, தூக்கம். எட்டு ஒன்பது மணி நேரம். விடியற்காலை டியூஷன், பள்ளிக்கூடம், பயிற்சி, ராத்திரி டியூஷன் என்று நாலையும் ஏற்றினால் எது விழும் என்று உங்களுக்கே தெரியும்.

முட்டியும் பாதமும்

எலும்பு முதலில் நீளும். தசையும் நரம்பும் பின்னால் ஓடிவரும். அந்த இடைவெளியில் பையன் தட்டுத் தடுமாறுவான், தம்ளரைத் தட்டிவிடுவான், பிடித்த பந்தை விடுவான். திட்டாதீர்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு மேடு தோன்றி வலிக்கிறது என்றால் அது வளர்கிற எலும்பில் தசைநாண் இழுப்பதால் வருவது. குதிப்பதைக் குறைத்து, ஐஸ் வைத்து, தொடைத் தசையை நீட்டும் பயிற்சி செய்தால் நாளடைவில் சரியாகும். வலியோடு ஆடவைக்கக் கூடாது.

நம் ஆடுகளங்கள் பெரும்பாலும் திறந்தவெளிச் சிமென்ட் தரை. அதோடு, தென்மேற்கு, வடகிழக்கு என்று ரெண்டு மழையும் கொட்டுகிற மாவட்டம் நம்முடையது. ஈரச் சிமென்டில் ஆடிக் கணுக்கால் பிசகுகிறவர்கள் ஏராளம். பன்னிரண்டாம் நம்பர் ஷூ நம் ஊர்க் கடையில் சுலபத்தில் அகப்படாது. அதற்காகப் பதினொன்றைத் திணிக்காதீர்கள், சொல்லிவைத்து வாங்குங்கள். சீனாவின் யாவ் மிங், ஏழடி ஆறு அங்குலம், உலகமே கொண்டாடிய சென்டர். பாதத்து எலும்பு திரும்பத் திரும்ப விரிசல் விட்டு, 2011-ல் முப்பது வயசிலேயே ஓய்வுபெற்றார். அவ்வளவு உடம்பையும் தாங்குவது அந்தப் பாதம்தானே!

டாக்டர் பார்க்கிற அதே அளவு

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

மார்ஃபான் என்றொரு பிறவிக் குறைபாடு உண்டு. உடம்பின் இணைப்புத் திசுக்கள் பலமில்லாமல் போவது. இப்படிப்பட்டவர்கள் நெடுநெடுவென்று, ஒல்லியாக, கைகால் விரல்கள் நீண்டு இருப்பார்கள். அதாவது பார்த்த உடனே கோச்சுக்குப் பிடித்துப்போகும் உடம்பு! ஆபத்து நெஞ்சுக்குள் இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் சுவர் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும். கடும் உழைப்பில் ஒருநாள் கிழிந்துவிடலாம்.

இதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று கைவிரிப்பு. உயரத்தால் வகுத்தால் 1.05-க்கு மேல் வருகிறதா என்று பார்ப்பார்கள். நம் 185 சென்டிமீட்டர் பையனுக்கு 194-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கில் வருவான். என்.பி.ஏ. ஆட்களின் சராசரி ஆறு சதவீதம் என்று மேலே சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? அவர்களில் பாதிப்பேர் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்தான். அத்தனை பேருக்கும் நோய் இல்லை. நீளக் கை மட்டும் இருந்தால் நோய் என்று முடிவு செய்யவும் முடியாது. கூட வேறு அடையாளங்களும் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

வீட்டில் இரண்டு சோதனை செய்யலாம். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களை அதன்மேல் மூடச் சொல்லுங்கள். கட்டை விரலின் நுனிக்கணு முழுதும் சுண்டுவிரல் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? அடுத்து, ஒரு கையின் கட்டை விரலாலும் சுண்டுவிரலாலும் மறுகை மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். கட்டை விரல் சுண்டுவிரலின் நகத்தை முழுசாக மறைக்கிறதா? இவற்றோடு நெஞ்செலும்பு குழிந்தோ துருத்தியோ இருப்பது, முதுகெலும்பு வளைந்திருப்பது, சின்ன வயசிலேயே கூடிய கிட்டப்பார்வை, குடும்பத்தில் யாராவது இளம் வயசில் திடீரென இறந்தது, இப்படி ஏதாவது சேர்ந்தால் தாமதிக்கவேண்டாம். இதய டாக்டரிடம் காட்டி எக்கோ எடுங்கள். வலியில்லாத, ஊசியில்லாத சோதனை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா பக்கத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் ஃப்ளோ ஹைமன், ஆறடி ஐந்து அங்குல வாலிபால் வீராங்கனை. 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் சரிந்து இறந்தார். இருந்தது மார்ஃபான் என்று இறந்த பிறகே தெரிந்தது. அதன்பின் அவருடைய சகோதரரைப் பரிசோதித்து, அவருக்கும் இருப்பதைக் கண்டு அறுவை சிகிச்சை செய்தார்கள்.

ஐசையா ஆஸ்டின் கதை வேறு. ஏழடி ஒரு அங்குலக் கல்லூரி சென்டர். 2014 ஜூனில் என்.பி.ஏ. தேர்வுக்குச் சில நாட்களே இருக்கும்போது, மருத்துவப் பரிசோதனையில் மார்ஃபான் என்று வந்துவிட்டது. கோடிக்கணக்கான சம்பளம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுபோனது. தேர்வு நடந்த மேடையில் அவரைக் கௌரவ ஆட்டக்காரராக அழைத்தபோது அரங்கமே எழுந்து நின்றது. இரண்டு வருஷம் தொடர்ந்து கண்காணித்த பிறகு, 2016 கடைசியில் டாக்டர்கள் அனுமதி கொடுத்து, வெளிநாட்டு அணிகளில் ஆடினார். எல்லாருக்கும் அப்படி அனுமதி கிடைக்காது. ஆனால் முன்னமே தெரிந்தால் மாத்திரையாலும், தேவைப்பட்டால் அறுவையாலும் உயிரைக் காப்பாற்ற முடியும்.

இன்னொன்று, வளர்ச்சி நிற்கவே இல்லை என்றால். பதினெட்டு, பத்தொன்பது வயசுக்குப் பிறகும் உயரம் ஏறுகிறது, செருப்பு சைஸ் மாறிக்கொண்டே இருக்கிறது, தாடை தடிக்கிறது, தலைவலி, பக்கப்பார்வை மங்கல் என்றால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ருமேனியாவின் கியோர்கே முரேசன் ஏழடி ஏழு அங்குலத்துக்கு வளர்ந்தது இந்தச் சுரப்பிக் கோளாறால்தான்.

சித்தப்பா சொன்ன ரயில்வே வேலை

அமெரிக்காவை விடுங்கள். நம் பையனுக்கு நிஜத்தில் கிடைக்கக்கூடியது என்ன? பொறியியல் கவுன்சலிங்கில் விளையாட்டு ஒதுக்கீடு, நல்ல கல்லூரியில் கட்டணச் சலுகையோடு சீட், தமிழக அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி மாதிரி அணி வைத்திருக்கிற இடங்களில் வேலை. சித்தப்பா முழுசாகப் பொய் சொல்லவில்லை! ஆனால் இவை எதுவும் உயரத்துக்குக் கிடைப்பதில்லை. மாநில, தேசியப் போட்டியில் ஆடிய சான்றிதழுக்குக் கிடைக்கிறது. உயரம் உங்கள் பையனை வரிசையில் முன்னால் நிறுத்தும், அவ்வளவுதான்.

ஆகவே ஹாஸ்டலில் சேர்க்குமுன் கோச்சிடம் கேளுங்கள்: "இவனுக்குப் பந்தைத் தட்டி ஓடவும் தூரத்திலிருந்து எறியவும் சொல்லிக்கொடுப்பீர்களா, இல்லை கம்பம் மாதிரி நிற்கவைப்பீர்களா?" பதிலைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அங்கே படிப்புக்கு என்ன ஏற்பாடு, சாப்பாட்டில் மீனும் முட்டையும் வாரத்துக்கு எத்தனை நாள், அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி என்பதையும் கூச்சப்படாமல் விசாரியுங்கள். பையனிடமும் ஒரு வார்த்தை. அவனுக்கு அந்த ஆட்டம் பிடித்திருக்கிறதா என்று இதுவரை யாராவது கேட்டார்களா?

நாளைக் காலை அவன் பல் தேய்க்கும் முன் சுவரோரம் நிறுத்துங்கள். உயரம், கைவிரிப்பு, எட்டும் உயரம் மூன்றையும் அளந்து ஒரு பழைய டைரியில் தேதியோடு எழுதுங்கள். எடையையும், செருப்பு நம்பரையும் பக்கத்தில் குறியுங்கள். விரிப்பை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அடுத்த அளவு மூன்று மாசம் கழித்து, இதே சுவர், இதே நேரம். குழந்தை டாக்டரிடம் போகும்போது டைரியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.